காற்று நகராத ஐந்து நாட்கள் - லண்டன், டிசம்பர் 1952

இந்தப் பதிவு வரலாறும் வானிலையும் கலந்த ஒரு விஷயத்தைப் பற்றியது.

"அடுத்த மூன்று நாட்களுக்குக் காற்றின் தரம் மோசமாக இருக்கும்" என்று இப்போதெல்லாம் செய்திகளில் சொல்கிறார்கள். கேட்டவுடன் ஒரு சந்தேகம் வரும். நாளை மறுநாள் எந்த ஆலை எவ்வளவு புகை விடும், எத்தனை வண்டிகள் ஓடும் என்று இவர்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? அது தெரிய வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை என்பதுதான் பதில். ஒரு ஊர் வெளியிடும் புகை திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது காற்றும் வெப்பநிலையும். அதே புகை ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் கலைந்து போகும். இன்னொரு நாள் ஊரையே மூச்சுத் திணற வைக்கும்.

இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளவும், புரிந்ததை வைத்து ஏதாவது செய்யவும் மனிதர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இடையில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்தக் கதைதான் இது.

புகைக்கு மூடி போடும் வானிலை

முதலில் கொஞ்சம் அறிவியல். பள்ளிப் புவியியலில் படித்ததுதான். மேலே போகப் போகக் குளிரும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால்தான் மதுரை வேகும்போது கொடைக்கானல் குளுகுளு என்று இருக்கிறது. தரையருகே சூடான காற்று லேசாக இருப்பதால் மேலே எழும். எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகும்.

சில நாட்களில் இது தலைகீழாகிவிடும். குளிர்காலத்தில், மேகமில்லாத நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று சில்லிட்டுப் போகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது. கீழே கனமான குளிர்காற்று, மேலே லேசான சூடான காற்று. கீழே இருப்பது மேலே எழும்ப வழியே இல்லை. இதை இன்வர்ஷன் என்பார்கள். தமிழில் வெப்பநிலைத் தலைகீழ் நிலை எனலாம்.

இதோடு உயர் அழுத்த மண்டலம் ஒன்றும் வந்து உட்கார்ந்துவிட்டால் நிலைமை மோசமாகும். அதில் காற்று மேலிருந்து மெல்லக் கீழே இறங்கும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். அதனால் மேலே இருக்கும் அந்த மூடி இன்னும் இறுகும். தரைமட்டத்தில் காற்று வீசுவதும் கிட்டத்தட்ட நின்றுவிடும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் சாம்பிராணி போட்டது மாதிரிதான். சாம்பிராணி கொஞ்சம்தான், ஆனால் போக இடமில்லை.

முதல் எச்சரிக்கை: பெல்ஜியம், 1930

பெல்ஜியத்தில் மியூஸ் என்று ஒரு ஆறு. ஊயி, லியேஜ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் அது ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இருபுறமும் குன்றுகள். ஆற்றை ஒட்டி எஃகு, துத்தநாகம், கண்ணாடி, உரம் என்று வரிசையாக ஆலைகள். 1930 டிசம்பர் 1 முதல் 5 வரை அங்கே உயர் அழுத்த மண்டலம் நிலைத்து நின்றது. குன்றுகள் சுவர்களாகவும் இன்வர்ஷன் கூரையாகவும் ஆகிவிட்டன. மூன்றாம் நாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூச்சு விடச் சிரமம். 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

விசாரணைக் குழு புகையில் இருந்த கந்தகச் சேர்மங்களைக் காரணமாகச் சொன்னது. அந்த விசாரணையில் இருந்த ழான் ஃபிர்கே என்ற மருத்துவப் பேராசிரியர் பின்னர் ஒரு கணக்குப் போட்டார். மியூஸ் பள்ளத்தாக்கில் இறந்தவர்களின் விகிதத்தை லண்டன் மக்கள்தொகையோடு பொருத்தினார். இதே மாதிரி லண்டனில் நடந்தால் சுமார் 3,200 பேர் இறக்கக்கூடும் என்று வந்தது. 1936இல் ஆங்கிலத்திலேயே இது அச்சாகிவிட்டது. அதாவது, லண்டன்காரர்கள் படிக்கக்கூடிய மொழியில், பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே!

இரண்டாவது எச்சரிக்கை: டோனோரா, 1948

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோனோரா ஒரு சின்ன ஆலை ஊர். சுமார் 14,000 பேர். அங்கேயும் ஆறு, குன்றுகள், துத்தநாக ஆலை, எஃகு ஆலை. 1948 அக்டோபர் கடைசியில் இன்வர்ஷன் வந்து ஊரை மூடியது. அவர்களுக்குப் புகை பழக்கமானதுதான். அதனால் வெள்ளிக்கிழமை ஹாலோவீன் ஊர்வலம் நடந்தது. சனிக்கிழமை பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியும் நடந்தது. பார்வையாளர்களுக்குப் பந்தே சரியாகத் தெரியவில்லையாம். தீயணைப்பு வீரர்கள் ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வீடு வீடாகப் போனார்கள். ஞாயிறு காலைதான் துத்தநாக ஆலையின் உலைகளை அணைத்தார்கள். அன்றே மழையும் வந்து காற்றைக் கழுவியது. அதற்குள் 20 பேர் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்ட 6,000 பேர் உடல்நலம் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இது வழக்கத்துக்கு மாறான வானிலையால் வந்தது, கடவுளின் செயல் என்பது ஆலை நிறுவனத்தின் வாதம். வழக்குகள் 1951இல் சமரசத்தில் முடிந்தன. இழப்பீடு கொடுத்தார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வானிலை அப்படி இல்லாவிட்டால் அந்த வாரம் அவ்வளவு பேர் இறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்வர்ஷன் ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயம் அல்ல. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வருவதுதான். அது வெறும் குளிர்ந்த காற்றை மூடியிருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதற்கு ஆலைதான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1949இல் வெளியிட்ட அறிக்கையில் முக்கியமான ஒரு பரிந்துரை இருந்தது. மோசமான வானிலை வரப்போகிறது என்று முன்னறிவித்து ஊரை எச்சரிக்க ஓர் ஏற்பாடு வேண்டும், அப்போதுதான் மக்களைப் பாதுகாக்க நேரம் கிடைக்கும் என்றது. இன்றைய காற்றுத்தர முன்னறிவிப்பின் விதை இதில் இருக்கிறது எனலாம்.

லண்டன்: டிசம்பர் 5 முதல் 9 வரை

இப்போது லண்டனுக்கு வருவோம். நிலக்கரிப் புகைக்கும் லண்டனுக்கும் உள்ள உறவு பழையது. ஜான் ஈவ்லின் என்பவர் 1661லேயே லண்டன் புகையைப் பற்றிப் புத்தகம் எழுதி அரசருக்குக் கொடுத்தார். புகையையும் பனிமூட்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் ஸ்மாக் என்ற சொல் 1905இல் லண்டனில் புழக்கத்துக்கு வந்தது. மஞ்சள் நிற மூட்டத்தை லண்டன்வாசிகள் பட்டாணி சூப் என்று செல்லமாகவே கூப்பிட்டார்கள். பழக்கம் எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்.

1952இல் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் பிரிட்டன் கடனில் இருந்தது. நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போனது. வீட்டுக்கு நிலக்கரி ரேஷனில்தான். தூளும் துண்டுமாக இருந்த மட்டரக நிலக்கரி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அதில் புகை அதிகம். நகருக்குள்ளேயே பாட்டர்சி, பேங்க்சைட் போன்ற மின் நிலையங்கள் நிலக்கரியில் ஓடின. அந்த ஆண்டு ஜூலையில்தான் லண்டனின் மின்சார டிராம்கள் நிறுத்தப்பட்டு டீசல் பேருந்துகள் வந்திருந்தன.

டிசம்பர் தொடக்கத்தில் கடும் குளிர். எல்லார் வீட்டு அடுப்பிலும் நெருப்பு. டிசம்பர் 5 வெள்ளிக்கிழமை உயர் அழுத்த மண்டலம் வந்து தேம்ஸ் பள்ளத்தாக்கின் மேல் நின்றது. காற்று நின்றது. 100 முதல் 200 மீட்டர் தடிமனில் மூட்டம் படர்ந்தது.

இங்கே ஒரு விஷச் சக்கரம் வேலை செய்தது. பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் புகைத் துகள்கள் மேல்தான் உருவாகின்றன. புகை அதிகமாக, மூட்டம் அடர்த்தியாகிறது. அடர்ந்த மூட்டம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தரை சூடாகாததால் பகலிலும் இன்வர்ஷன் உடையவில்லை. வெயில் இல்லாததால் குளிர் இன்னும் கூடுகிறது. குளிர் கூடியதால் மக்கள் இன்னும் நிலக்கரி போடுகிறார்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறையின் கணக்குப்படி அந்த நாட்களில் தினமும் 1,000 டன் புகைத் துகள்களும் 370 டன் கந்தக டை ஆக்சைடும் வெளியாயின. அந்தக் கந்தகம் நீர்த்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாக மாறியது. மக்கள் அமிலத் துளிகளைச் சுவாசித்தார்கள்.

சில இடங்களில் தன் கால் தனக்கே தெரியவில்லை. நடத்துனர் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பேருந்து பின்னால் ஊர்ந்து வந்தது. பிறகு அதுவும் நின்றது. சுரங்க ரயில் மட்டும் ஓடியது. ஆம்புலன்ஸ் ஓட்ட முடியாததால் நோயாளிகள் தாங்களாகவே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மூட்டம் உள்ளேயே நுழைந்ததால் இசை நாடகத்தை முதல் அங்கத்தோடு நிறுத்தினார்கள். கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகள் சில மூச்சு முட்டிச் செத்தன. 1873லும் இதே போல லண்டன் கண்காட்சியில் மாடுகள் செத்திருக்கின்றன. மாடுகள் இரண்டு முறை எச்சரித்தும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மனிதர்கள் சாவது உடனே தெரியவில்லை. ஏனென்றால் யாரும் தெருவில் விழுந்து சாகவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தைகள், ஏற்கெனவே மூச்சுக்குழல் நோயும் இதய நோயும் உள்ளவர்கள், வீட்டிலும் மருத்துவமனையிலும் ஒவ்வொருவராகப் போனார்கள். சவப்பெட்டிக்கும் பூவுக்கும் தட்டுப்பாடு வந்தபோதுதான் சிலருக்கு உறைத்தது. டிசம்பர் 8, 9 தேதிகளில் நாளொன்றுக்குச் சுமார் 900 பேர் இறந்தார்கள். 9ஆம் தேதி மேற்கிலிருந்து காற்று வீசியது. சில மணி நேரத்தில் எல்லாம் கலைந்தது. அடுப்புகள் அன்றும் அப்படியேதான் எரிந்துகொண்டிருந்தன.

உயர் அழுத்த மண்டலம் வானிலையாளர்களுக்குப் புதிதல்ல. வரைபடத்தில் வட்ட வட்டமாகத் தெரியும். பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்வது அவர்கள் வேலை. ஆனால் அந்த மூட்டத்துக்குள் சேரப்போகும் புகையைப் பற்றிச் சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை. சொன்னாலும், அதைக் கேட்டு ஓர் உலையை அணைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. ஃபிர்கேயின் கணக்கு நூலகத்தில் இருந்தது. டோனோரா அறிக்கை வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஃப்ளூவா, புகையா?

சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அரசுக் கணக்கு. அதாவது ஃபிர்கே சொன்னதைவிட அதிகம். டிசம்பர் 9க்குப் பிறகும் இறப்பு விகிதம் உடனே இறங்கவில்லை. மார்ச் வரை வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அந்த மரணங்களை அரசு இன்ஃப்ளூயன்சா கணக்கில் எழுதியது. 2004இல் மிஷெல் பெல் முதலிய ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். ஃப்ளூவால் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. அவர்கள் மதிப்பீட்டில் மொத்தம் சுமார் 12,000 பேர்.

ஒரு மரணத்துக்கு என்ன காரணம் எழுதுகிறோம் என்பதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது பாருங்கள். டோனோராவில் வானிலை மேல் பழி. லண்டனில் காய்ச்சல் மேல் பழி. புகை மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது.

சட்டம் வந்தது

அரசு முதலில் தயங்கியது. நெருக்கடி கூடிய பிறகு 1953இல் சர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைத்தது. குழுவின் இறுதி அறிக்கை 1954 நவம்பரில் வந்தது. அப்போதும் தாமதம். ஆளுங்கட்சி உறுப்பினரான ஜெரால்ட் நபாரோ தனிநபர் மசோதா கொண்டுவந்த பிறகுதான் அரசு தானே சட்டம் இயற்ற ஒப்புக்கொண்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகை தடைசெய்யப்பட்ட பகுதிகள் வந்தன. வீட்டு அடுப்பைப் புகையில்லா எரிபொருளுக்கு மாற்ற மானியம் கொடுத்தார்கள்.

பலன் உடனே வரவில்லை. 1962 டிசம்பரில் லண்டனில் மறுபடி இதே வானிலை, மறுபடி மூட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் இல்லை. புகை குறைந்திருந்தது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. கந்தக டை ஆக்சைடு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை.

கந்தகத்துக்கு உயரமான புகைபோக்கிகள்தான் தீர்வு என்று நினைத்தார்கள். மூடிக்கு மேலே புகையை விட்டால் ஊருக்குத் தொல்லை இல்லை அல்லவா? ஊருக்கு இல்லை. காற்று அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. பிரிட்டனிலிருந்தும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் போன கந்தகம் ஸ்வீடன், நார்வே ஏரிகளில் அமில மழையாக இறங்குவது 1960களின் கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தது. வானிலை மறைத்து வைப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

முன்னறிவிப்புக்கு அதிகாரம் கிடைத்த நாள்

அமெரிக்க வானிலைத் துறை 1960இல் காற்று தேங்கும் நிலையை முன்னறிவிக்கத் தொடங்கியது. ஆனால் வெறும் அறிவிப்பு போதவில்லை. 1966 நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறையின்போது நியூயார்க்கில் காற்று தேங்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

1970இல் அங்கே கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அதற்குப் பரீட்சை. 1971 நவம்பரில் அலபாமா மாநிலத்தின் எஃகு நகரமான பர்மிங்ஹாமில் காற்று தேங்கியது. நீங்களாகவே உற்பத்தியைக் குறையுங்கள் என்று ஆலைகளிடம் கேட்டார்கள். போதிய பலன் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 18 அன்று 23 நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அந்தச் சட்டத்தின் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. மழை வந்து காற்று தெளிந்ததும் உத்தரவு விலக்கப்பட்டது. வானிலை மோசமாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் உலையை அணை, பிறகு மூட்டிக்கொள். டோனோராவில் இதை முதல் நாளே செய்திருந்தால்?

நம் நாட்டில்

டெல்லியின் நவம்பர் மாதக் கதை எல்லாருக்கும் தெரியும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் தாளை எரிக்கும் புகை வடமேற்குக் காற்றில் வருகிறது. வண்டி, ஆலை, கட்டுமானத் தூசு ஆண்டு முழுவதும் இருப்பது. அந்த நேரத்தில் காற்றின் வேகம் குறைந்து இன்வர்ஷனும் வந்துவிடுகிறது. கோடையில் சில கிலோமீட்டர் உயரம் வரை கலந்து போகும் புகை, குளிர்காலத்தில் சில நூறு மீட்டருக்குள் அடைபடுகிறது.

2010 காமன்வெல்த் போட்டிகளை ஒட்டி சஃபர் என்ற காற்றுத்தர முன்னறிவிப்பு டெல்லியில் தொடங்கியது. 2018இல் இன்னொரு முன்னெச்சரிக்கை அமைப்பும் வந்தது. அளவு தாண்டிய பிறகு கட்டுமானத்தையும் லாரியையும் நிறுத்துவது என்று இருந்த செயல்திட்டத்தை, முன்னறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே நிறுத்தலாம் என்று 2022இல் திருத்தினார்கள். 1949இல் எழுதிய பரிந்துரையின் பேரன் என்று இதைச் சொல்லலாம்.

சென்னையில் கடற்காற்று நம்மைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் போகி விடியற்காலையில் அது கிடையாது. 2018 ஜனவரியில் போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் பாதிக்கப்பட்டன. பழைய பாய், டயர் எல்லாம் எரிந்தது அந்த ஒரு காலைதான். இறங்கிய மூட்டம் மட்டும் லண்டனின் அதே வகை.

கடைசியாக

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். மூச்சு முட்டும் நாள் எது என்பதை வானிலை முடிவு செய்கிறது. அன்று மூச்சுக்குள் என்ன போகும் என்பதை நாம் முடிவு செய்கிறோம். முதலாவதை மாற்ற முடியாது, ஆனால் சில நாட்கள் முன்பே தெரிந்துகொள்ளலாம். அந்தச் சில நாட்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1952இல் லண்டனிடம் வானிலை வரைபடம் இருந்தது. அதைப் பார்த்து உலையை அணைக்கச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் "காற்றின் தரம் மோசமாகும்" என்ற செய்தியைக் கேட்டால், முகக்கவசத்தைத் தேடுவதோடு இன்னொரு கேள்வியும் கேட்போம். சரி, மோசமாகும். அதற்குள் எதை நிறுத்தப் போகிறீர்கள்?